'60 ஆண்டு' கணக்கில் 83-ஐ எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலையும் அதே செய்தி. கலைஞர் 1957 முதல் 2018 வரை ஒரு நாள்கூட விடாமல் சட்டமன்றத்தில் இருந்தாராம். படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. 13 முறை நின்றார், 13 முறையும் ஜெயித்தார். சரி, அதில் எனக்குத் தகராறு இல்லை. 'தொடர்ந்து' எங்கிருந்து வந்தது? 1983 ஆகஸ்டில் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக அவரும் பேராசிரியர் அன்பழகனும் பதவி விலகினார்கள். 84 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. மறுபடி ஜெயித்தது 89-ல், துறைமுகம் தொகுதியில். நடுவில் ஐந்தரை வருஷம்!

குளித்தலை ராசா:
வந்துவிட்டாரய்யா! போன மாதம் வைரவிழா பற்றிப் பேசியபோதும் இதே பாட்டுதான். பதவியைத் தூக்கி எறிந்ததைக் குறையாகச் சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். 57-ல் எங்கள் ஊரில் ஜெயித்துப் போனவர் முதல் பேச்சே நங்கவரம் உழவர்களுக்காகப் பேசினார். எங்கள் தாத்தா அந்த மண்ணில் ஏர் பிடித்தவர். உங்களுக்கு என்ன தெரியும்?

கணக்குப்பிள்ளை:
நங்கவரத்தை யார் கேட்டது? 83-லிருந்து 89 வரை எங்கே இருந்தார்?

பழைய பேப்பர்:
84-ல் மேலவை உறுப்பினர் ஆனாரே சார். சட்டமன்றம் என்றால் பேரவையும் மேலவையும் சேர்ந்ததா, பேரவை மட்டுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

கணக்குப்பிள்ளை:
அகராதி வேண்டாம். மேலவைக்கும் 86 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி பூட்டுப் போட்டுவிட்டது. அப்புறம்?

குளித்தலை ராசா:
அப்புறம் 88 ஜனவரியில் பேரவையே கலைந்தது. அடுத்த தேர்தல் வரைக்கும் தமிழ்நாட்டில் எவனுமே எம்.எல்.ஏ. இல்லை. 76 ஜனவரி கடைசியிலிருந்து 77 ஜூன் வரையும் அதே கதைதான். அதையும் அவர் தலையில் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டது 83. நீங்கள் 76-க்கு ஓடுகிறீர்கள்.

கோட்டயம்வாசி:
எங்கள் கேரளத்துக்கு வந்து பாருங்கள். உம்மன் சாண்டி 1970-லிருந்து 2021 வரை 12 தேர்தல், எல்லாம் ஒரே புதுப்பள்ளி. கே.எம்.மாணி பாலா தொகுதியில் மட்டும் 13 முறை. உங்கள் தலைவர் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று ஏழு வீடு மாறியவர். ஏன், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாரா?

குளித்தலை ராசா:
மாணி 1965-ல் ஜெயித்த சபை ஒரு நாள்கூடக் கூடவில்லை. கூடாத சபைக்கு எதற்கு அண்ணே கணக்கு? அப்புறம் அவர் நிதியமைச்சராக 2015-ல் பட்ஜெட் படித்த அன்றைக்கு உங்கள் சபாநாயகர் நாற்காலியை மேடையிலிருந்து தூக்கி எறிந்தார்களே, அதையும் சாதனையில் சேர்த்தாயிற்றா?

கோட்டயம்வாசி:
எறிந்தது எதிர்க்கட்சிக்காரர்கள். மாணி பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். பேச்சை மாற்றாதீர்கள்.

அண்ணா நகர் பழனி:
எங்கள் தொகுதியை விட்டு ஏன் போனார் என்று நான் சொல்கிறேன். 1980-ல் அ.தி.மு.க. வேட்பாளர் ஹண்டேயிடம் வெறும் 699 ஓட்டில் தப்பித்தார். அப்பா அன்றைக்கு டீக்கடை ரேடியோவுக்கு அடியிலேயே நின்றாராம், கால் மாற்றி மாற்றி. கடைக்காரர் கடையைச் சாத்துகிறேன் என்றபோதும் நகரவில்லை. 699!

குளித்தலை ராசா:
ஒரு ஓட்டு என்றாலும் வெற்றி வெற்றிதான் தம்பி. 91-ல் ராஜீவ் அனுதாப அலையில் மாநிலமே மூழ்கியபோதும் துறைமுகத்தில் 890 ஓட்டில் கரையேறியவர். ஹண்டே கதையை நீங்கள் எத்தனை திரியில்தான் ஓட்டுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நன்றி, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். 91-ல் ஜெயித்த கையோடு அதையும் ராஜினாமா செய்தார். 96 வரை உறுப்பினர் இல்லை. ஐந்தரையும் ஐந்தும் பத்தரை. அறுபதில் பத்தரை போனால்? வாட்ஸ்அப் மாமாக்கள் கூட்டல் படித்த அளவுக்குக் கழித்தல் படிக்கவில்லை.

சேப்பாக்கம் செல்வி:
2011-க்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு உள்ளே தோதாக இடம் தரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாரே, அதைக் கணக்கில் சேர்ப்பதா, கழிப்பதா?

குளித்தலை ராசா:
இடம் கொடுக்காதது யார் குற்றம்? அதைக் கேளுங்கள் முதலில்.

பழைய பேப்பர்:
அதனால்தான் சொன்னேன், முதலில் 'உறுப்பினர்' என்றால் என்ன என்று...

கணக்குப்பிள்ளை:
சார், தயவுசெய்து. கேள்வி ஒன்றுதான். 83.

குளித்தலை ராசா:
உங்களை மியூட் பண்ணியாயிற்று. இனி நீங்கள் எழுதுவது எதுவும் எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
மறுநாள் காலை. இன்னும் பதில் இல்லை. 83?

குளித்தலை ராசா:
நேற்றே சொன்னேன், இனத்துக்காக விலகினார் என்று!

கணக்குப்பிள்ளை:
மியூட் பண்ணினீர்களே, எப்படித் தெரிந்தது?