நீலத் தண்டவாள டொமி ரயில்: மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. இது எந்தக் காலத்து வண்டி?

தமுவே ஸ்டேஷன் எழுதியது:

வணக்கம். ரங்கூனில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு பை பிளாரெயில் (டொமி கம்பெனியின் பொம்மை ரயில்) கிடைத்தது. நீலத் தண்டவாளம் 31 துண்டு, ஓடும் வண்டி 2.

முதல் வண்டி 0 சீரிஸ் சின்கான்சென் (ஜப்பானின் முதல் புல்லட் ரயில்), மூன்று பெட்டி. நடு சைஸ் கட்டை (சி பேட்டரி) ஒன்று போடும் அறை. அடியில் 'டொமி', 'மேட் இன் ஜப்பான்' என்று மட்டும் இருக்கிறது, வருஷம் கிடையாது. சுவிட்சைத் தள்ளினால் மோட்டார் 'ங்ஙொய்' என்று கத்துகிறது. சக்கரம் அசையவில்லை. புதுக் கட்டை போட்டும் இதே கதைதான்.

இரண்டாவது தாமஸ், டிவி கதையில் வரும் ரயில் எஞ்சின். அடியில் 1992, பிரிட் ஆல்கிராஃப்ட் பெயர், 'மேட் இன் தாய்லாந்து'. இதில் சத்தமே இல்லை. பேட்டரி அறையின் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி, ஓரத்தில் பச்சை.

இரண்டையும் எப்படி ஓட வைப்பது? எந்த வருஷத்துச் சரக்கு? நடு சைஸ் கட்டைக்குப் பதில் சின்னப் பென் கட்டையை (ஏஏ பேட்டரி) காகிதம் சுற்றிப் போடலாமா? பக்கத்து வீட்டில் பழுப்பு நிறத் தண்டவாளம் இருக்கிறது. சில துண்டு இதில் மாட்டுகிறது, சில மாட்டவே இல்லை. அது ஏன்?

பழைய பல்சக்கரம் எழுதியது:

தம்பி, முதலில் சின்கான்சென். மேல் கூட்டைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் அடியில் ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் கொக்கி மட்டும். ஸ்க்ரூ தெரியவில்லை என்று இழுத்துப் பிய்க்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக், கொக்கி உடைந்தால் கூடு பிறகு நிற்காது. உள்ளே கியர் மூடியைத் திறப்பதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்சக்கரம் எந்த அச்சில் என்பது மறந்தே போகும்.

இப்போது கட்டையை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். மோட்டார் தண்டும் சேர்ந்து சுற்றுகிறதா, நிற்கிறதா? அதைச் சொல்லுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

தமுவே ஸ்டேஷன் எழுதியது:

அண்ணே, சக்கரத்தை உருட்டினால் கியர் எல்லாம் சுற்றுகிறது. மோட்டார் தண்டு மட்டும் சுற்றவில்லை. தண்டின் மேல் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தண்டைச் சுற்றிச் சும்மா வழுக்குகிறது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவில் மயிர் அளவு கறுப்புக் கோடு, நுனியிலிருந்து அடி வரை. தண்டும் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

மோல்மீன் எழுதியது:

பினியன், அதாவது தண்டின் மேல் இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரம், வெடித்திருக்கிறது. ஒரு துளி ஃபெவிக்விக் மாதிரிப் பசை விட்டால் போதும், ஐந்து நிமிஷ வேலை.

பழைய பல்சக்கரம் எழுதியது:

பசை மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் சின்னக் கியர்கள் வழுவழுப்பான பிளாஸ்டிக், பசை அதில் பிடிக்காது. அதைவிட மோசம், நீர் மாதிரிப் பசை தண்டு வழியாக ஊர்ந்து மோட்டாரின் பேரிங்குக்குள் போய் உறைந்துவிடும். பினியனோடு மோட்டாரும் போச்சு.

நோய் எங்கே என்று தெரிந்துகொண்டால் வைத்தியம் சுலபம். பினியனின் துளையைத் தண்டைவிட ஒரு மயிரிழை சின்னதாகச் செய்து, அழுத்தி ஏற்றுவார்கள். அதனால் அந்தப் பிளாஸ்டிக் பிறந்த நாளிலிருந்தே விரிந்த நிலையில், இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. இருபது முப்பது வருஷம் கழித்து எங்கே மெல்லிசோ அங்கே, அதாவது இரண்டு பல்லுக்கு நடுவில், வெடிக்கும். எந்தக் கம்பெனி பொம்மையானாலும் இந்த வயதில் வருகிற வியாதிதான் இது. பாதி வெடித்தால் 'டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டும், ஏனென்றால் விரிசல் இருக்கிற இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடிவிட்டது. முழுக்க வெடித்தால் உங்கள் வண்டி மாதிரி மோட்டார் மட்டும் கத்தும்.

மாற்று பினியன் வாங்க மூன்று அளவு தேவை. ஒன்று, பல் எத்தனை. பழையதில் பேனா மையால் ஒரு பல்லைக் குறித்துவிட்டு எண்ணுங்கள். இரண்டு, வெளி விட்டம். மூன்று, துளை. பிளாரெயிலில் இருப்பது 130 வகை மோட்டார், மபூச்சி என்ற ஜப்பான் மோட்டார் கம்பெனியின் எஃப்ஏ-130 உடம்பு. தண்டு 2 மி.மீ. வெளி விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் பல்லின் அளவு வரும். எட்டுப் பல், விட்டம் 5 மி.மீ. என்றால் 5-ஐப் 10-ஆல் வகுத்து 0.5. பல் எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கினால் பல் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்து பக்கத்துக் கியரை அரைத்துத் தின்றுவிடும். மினி ரேஸ் கார் மோட்டாரில் வரும் பினியன் 8 பல், 2 மி.மீ. துளை. விளையாட்டுச் சாமான் கடைகளில் அதைத்தான் முதலில் கேளுங்கள், ஆனால் உங்கள் பழையதோடு ஒத்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். பித்தளையிலும் கிடைக்கும், வெடிக்காது, சத்தம் கொஞ்சம் கூடும்.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. மோட்டாரின் பின்பக்க பிளாஸ்டிக் மூடியை மேஜையில் வைத்து மேலிருந்து அழுத்தினால் அந்த மூடி பிதுங்கி வெளியே வரும், உள்ளே மின்சாரம் கடத்தும் தகடு வளையும். பின்பக்கம் தண்டின் வால் கொஞ்சம் தெரியும். அந்த வால் மட்டும் ஒரு இரும்புத் துண்டில் உட்காரும்படி வைத்து, நேர் செங்குத்தாக அழுத்துங்கள். சுத்தியல் கூடாது. பழைய பினியன் தண்டில் எவ்வளவு உள்ளே நின்றதோ அதே இடத்தில் நிறுத்துங்கள்.

மோட்டாரைத் திருப்பிப் போட்டால் வண்டி பின்னால் போகும், அதையும் கவனிக்க வேண்டும். கழற்றும் முன் எந்தத் தகட்டில் எந்த முனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீலப்பாதை எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் தாமஸுக்கு வருகிறேன்.

பொடியைச் சுரண்டுவதற்கு முன் எந்தக் கட்டை கசிந்தது என்று யோசியுங்கள். ஆல்கலைன் கட்டை கசிந்தால் காரம். காற்றில் பட்டு வெள்ளைப் பொடியாகும். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. பழைய சாதாரணக் கட்டை கசிந்தால் அது அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. எது என்று தெரியவில்லையா? பஞ்சுக் குச்சியில் வினிகர் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள், நுரைத்தால் அது காரப் பொடி. பச்சை என்பது அடியிலிருக்கும் செம்பு அரித்தது. அது வந்துவிட்டால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

சுத்தம் செய்தபின் நீரால் துடைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காய வையுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை நம்ம ஊர்க் காற்றில் ஒரு நாள் போதாது, இன்னும் சில நாள் விடுங்கள். பிறகு தகட்டை மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். அப்புறமும் சத்தம் இல்லையென்றால் சுவிட்சைத் தாண்டி, கட்டையை நேராக மோட்டாரின் இரண்டு காதிலும் கம்பியால் தொட்டுப் பாருங்கள். ஓடினால் குற்றம் சுவிட்சில். ஓடாவிட்டால் மோட்டாரில்.

மோட்டாரின் நிலையை மீட்டரிலும் பார்க்கலாம். 1.5 வோல்ட் வகை 130 மோட்டார் பளு இல்லாமல் சுற்றும்போது சுமார் 0.2 ஆம்பியர் எடுக்கும். சிக்கி நின்றால் 2 ஆம்பியரையும் தாண்டும். தண்டு சுதந்திரமாக இருக்கும்போதே ஒரு ஆம்பியர் காட்டினால் உள்ளே அழுக்கு அல்லது பேரிங் இறுக்கம்.

மெஷின் ஆயில் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாத சிலிக்கான் கிரீஸ், ஊசிமுனை அளவு, அச்சு நுழையும் இடத்தில் மட்டும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து, தலைமுடியும் தூசியும் பிடிக்கும்.

தட்டோன் கட்டை எழுதியது:

பேட்டரிக் கேள்விக்கு யாரும் வரவில்லையே.

நடு சைஸ் கட்டை 26 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். பென் கட்டை 14.5 மி.மீ. தடிமன், 50.5 மி.மீ. நீளம். நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வோல்ட்டும் 1.5. ஆகவே தடிமனை மட்டும் நிரப்பினால் போதும், சுற்றிலும் 5.8 மி.மீ. அட்டைக் காகிதத்தை நீட்டி இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டினால் சரியாக நிற்கும். இரண்டு தலையையும் மூடிவிடாதீர்கள்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம். நடு சைஸ் ஆல்கலைன் கட்டை 65 கிராமுக்கு மேல், பென் கட்டை 23 கிராம். அந்தக் கட்டையின் எடைதான் ஓட்டும் சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்தி வைத்திருந்தது. 40 கிராம் குறைந்தால் சமதளத்தில் ஓடும். மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். 'மோட்டாருக்குச் சக்தி இல்லை' என்று பலர் மோட்டாரை மாற்றுவது இதனால்தான். காலியான இடத்தில் ஒரு இரும்பு போல்ட்டைக் காகிதத்தில் சுற்றிச் செருகுங்கள், தகட்டைத் தொடாமல்.

பென் கட்டை சைஸிலேயே 3.7 வோல்ட் லித்தியம் கட்டையும் விற்கிறார்கள். அதை மட்டும் போடாதீர்கள். வண்டி பறக்கும், வளைவில் கவிழும், புதுப் பினியனும் வெடிக்கும். சார்ஜ் ஏற்றும் 1.2 வோல்ட் கட்டை தாராளமாகப் போடலாம், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சக்கரத்தின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் எந்த எடையும் உதவாது. இரண்டு பக்கமும் ஒரே தடிமன் வளையம் போட வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் வண்டி ஒரு பக்கமாக உரசிக்கொண்டே போகும்.

நீலப்பாதை எழுதியது:

இனி வயது. பலர் அடியில் பொறித்த வருஷத்தைப் பார்த்து 'இது 1992 தாமஸ்' என்று விலை சொல்லுவார்கள். நம்பாதீர்கள். அது அச்சு அல்லது உரிமை பதிவான வருஷம். அதே அச்சில் வருஷக்கணக்காக வார்ப்பார்கள். அதற்கு முன் செய்தது இல்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

தாமஸ் பிளாரெயில் ஜப்பானில் வந்ததே 1992-இல். தாமஸ் உரிமையை வைத்திருந்த பிரிட் ஆல்கிராஃப்ட் கம்பெனி 2000-இல் கல்லேன் என்று பெயர் மாற்றியது, 2002-இல் அதை ஹிட் என்டர்டெயின்மென்ட் வாங்கியது, 2012-இல் ஹிட்டைப் பொம்மைக் கம்பெனி மேட்டல் எடுத்தது. அடியில் எந்தப் பெயர் என்பது ஒரு தடயம். ஆனால் பழைய பெயர் அச்சில் பல வருஷம் அப்படியே கிடக்கும், அதையும் மறக்க வேண்டாம். பெட்டி கூட இருந்தால் அதைப் பாருங்கள்: டகாரா என்ற இன்னொரு பொம்மைக் கம்பெனியும் டொமியும் 2006 மார்ச் 1 அன்று இணைந்தன. ஜப்பான் பெட்டியில் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. வெளிநாட்டுப் பெட்டியில் 'டொமி' என்றே தொடர்ந்ததால் அது கணக்கில் வராது.

சின்கான்சென்னில் ரயிலின் வகையை வைத்துச் சொல்லவே முடியாது. நிஜ 0 சீரிஸே 1964 அக்டோபர் 1-இல் ஓடத் தொடங்கி 2008 வரை ஓடியது. பொம்மையும் அத்தனை காலமும் விற்றது. பார்க்க வேண்டியது வேறு. எந்த நாட்டுச் சரக்கு என்பது முதல் தடயம்: ஜப்பான் பொறித்தது பொதுவாக மூத்தது, அப்புறம் தாய்லாந்து, சீனா, கடைசியில் வியட்நாம். கட்டை இரண்டாவது தடயம். ஜப்பான்காரர்கள் நடு சைஸைத் 'தான்நி' என்றும் பென் சைஸைத் 'தான்சான்' என்றும் சொல்வார்கள். மூடியின் உள்பக்கத்தில் 2 அல்லது 3 என்ற எண் தெரியும். 2 என்றால் பழைய தலைமுறை, 3 என்றால் புதியது. உங்கள் சின்கான்சென் ஜப்பான் சரக்கு, 2-ஆம் எண் கட்டை, ஆகவே இரண்டு தடயமும் ஒரே பக்கம் காட்டுகின்றன. வருஷத்தை அதற்கு மேல் குறுக்க வேண்டாம். வாங்கவோ விற்கவோ வருபவரிடமும் இதையே சொல்லுங்கள்.

வெள்ளைக் கூடு மஞ்சளாகியிருந்தால் வெளுக்க வைக்க வேண்டாம். ஸ்டிக்கரும் வர்ணமும் உரிந்தால் திரும்பாது, சேகரிப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பழைய பல்சக்கரம் எழுதியது:

தண்டவாளத்துக்கும் ஒரு வார்த்தை. 1959-இல் கையால் தள்ளும் வண்டியாக இது வந்தபோது இருந்த அளவுதான் இன்றும், 1961-இல் பேட்டரி வந்தபோதும் மாறவில்லை. எட்டு வளைவுத் துண்டு ஒரு முழு வட்டம். நம்ம ரங்கூன் சர்க்குலர் ரயிலுக்கு வந்த ஜப்பான் வண்டிகளுக்கு 1067 மி.மீ.-இலிருந்து 1000 மி.மீ.-க்குச் சக்கரம் மாற்றினார்கள், பொம்மைக்கு அந்தத் தொல்லை கூட இல்லை.

பக்கத்து வீட்டுப் பழுப்புத் துண்டில் மாட்டுவது ஹிட் காலத்து டிராக்மாஸ்டர் (தாமஸ் பொம்மை ரயில் வரிசை), அது நீலத்தோடு மாட்டும். மாட்டாத துண்டு 2014-இல் மேட்டலின் ஃபிஷர்-பிரைஸ் மாற்றிய புது வடிவம். அதற்கு இணைப்புத் துண்டு வேண்டும். அழுத்தி மாட்டினால் நாக்கு முறியும்.

தமுவே ஸ்டேஷன் எழுதியது:

பினியன் மாற்றியாச்சு. எட்டுப் பல், பழையதோடு ஒத்துப் பார்த்துதான் வாங்கினேன். சின்கான்சென் மூன்று பெட்டியோடு ஓடுகிறது. போல்ட் வைத்த பிறகு மேடும் ஏறுகிறது, ரப்பர் வளையம் பழையதேதான். தாமஸில் வினிகர் தொட்டால் நுரைத்தது, மோட்டாரைத் தனியாகத் தொட்டால் ஓடுகிறது. ஆனால் சுவிட்சைத் தள்ளினால் ஓடவில்லை.

நீலப்பாதை எழுதியது:

அப்போது சுவிட்சின் செம்புத் தகடுதான். பச்சை பிடித்த இடத்தைத் தேய்த்துவிட்டு, தகட்டை ஒரு மயிரளவு மேலே வளையுங்கள், தள்ளும்போது அழுத்தித் தொடும்படி. அடுத்த முறை வண்டியை அலமாரியில் வைக்கும்போது கட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.