மாட்டுக்காகச் செத்தவனுக்குப் பெயர் வெட்டினால் அது போர் நினைவுக்கல் ஆகாதா?

கல்லெழுத்து:
நேற்று மேற்குமலை இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஊரிலிருந்து போய்ச் செத்த சாதாரணச் சிப்பாயின் பெயரைக் கல்லில் வெட்டி, அந்த ஊரே கூடி நினைப்பது 1918-க்கு அப்புறம் ஐரோப்பா உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்னால் ராஜாவுக்கும் தளபதிக்கும்தான் கல்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பை. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள், தமிழி என்னும் பழைய தமிழ் பிராமி எழுத்தோடு. ஒரு கல் கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுடையது. ஆகோள் என்றால் ஆநிரை கவரும் சண்டை. அந்தக் கல்லில் அரசன் பெயர் இல்லை. ஆட்சியாண்டு இல்லை. செத்தவன் பெயரும் செத்த சண்டையும் மட்டும்தான்.

தீயன் அந்தவன் ராஜாவா, தளபதியா? மேற்குமலை ஒரு வரியில் பதில் சொல்லட்டும்.

மேற்குமலை:
ஒரு வரியிலேயே சொல்கிறேன். நான் எழுதியது போரைப் பற்றி, மாட்டைப் பற்றி அல்ல.

விரிவாக வேண்டுமென்றால் இதோ. நீங்கள் எல்லா இழையிலும் கொண்டுவரும் எடுத்தனூர்க் கல்லையே எடுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டான். கூடவே கோவிவன் என்ற நாய் கள்வரைக் கடித்துக் காத்தது என்று கல்லே சொல்கிறது. எதிரே நின்றது படை இல்லை, எருமை திருட வந்தவர்கள். அவன் மதிப்புக்குரியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் எருமை காத்துச் செத்தவனைப் போரில் செத்தவன் கணக்கில் சேர்க்க முடியாது.

கல்லெழுத்து:
வந்துவிட்டார் எருமையைப் பிடித்துக்கொண்டு. நான் கேட்டது புலிமான்கோம்பை, அவர் பதில் சொல்வது எடுத்தனூர்.

வெட்சி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பகைவன் நிரையைக் கவர்வதுதான் போரின் தொடக்கம், மீட்பது கரந்தை. தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கேயே நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. கல்லை நட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இல்லை அவர்கள்.

புறநானூறு 264-ஐயும் பாருங்கள். மயிற்பீலி சூட்டி, "பெயர் பொறித்து" கல்லை நட்டார்கள் என்று வருகிறது. பெயர் பொறித்து! "கன்றொடு கறவை தந்து பகைவர் ஓட்டிய" என்றுதான் அவனைப் பாடுகிறார் புலவர். பகைவர் என்கிறார். திருடர் என்று சொல்லவில்லை.

மேற்குமலை:
அடுத்த வரியை ஏன் விட்டீர்கள்? அவன் "நெடுந்தகை". அவன் இறந்தது தெரியாமல் இன்றைக்கும் பாணர் கூட்டம் பரிசுக்கு வருமோ என்று புலவர் ஏங்குகிறார். பாணருக்கு அள்ளிக் கொடுக்கும் நிலையில் இருந்தவன் சாதாரண ஆளா? தலைவன். நான் சொன்னதற்குத்தான் சான்று கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

எருமைக்கும் இன்னும் பதில் வரவில்லை.

நூலகவாசி:
இருவருக்கும் ஒரு சிறு திருத்தம். 1918 என்பதே தவறு. 1813-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம், ஊர்த் தேவாலயங்களில் அந்தந்த ஊரிலிருந்து போய் விழுந்தவர்களின் பெயர்ப் பலகை வைக்க உத்தரவிட்டார். இன்னும் பின்னால் போனால் ஏதென்ஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் போரில் இறந்தவர்களைக் குலம் குலமாகப் பிரித்து, தந்தை பெயர்கூடச் சேர்க்காமல், பணக்காரன் ஏழை தெரியாதபடி வரிசையாகக் கல்லில் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாயின் பெயர் என்றால் பேச்சை அங்கேதான் தொடங்க வேண்டும்.

கல்லெழுத்து:
நூலகவாசி ஐயா, கீழடி இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்து கிரேக்கத்தைக் கொட்டினீர்கள். நாங்கள் எதைச் சொன்னாலும் உங்களுக்கு அதைவிடப் பழையது ஒன்று கிரேக்கத்தில் இருக்கும். புலிமான்கோம்பையை கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

நூலகவாசி:
இருக்கிறார்கள். பிந்தைய காலம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கி.மு. 4 என்றே வைத்துக்கொண்டாலும் 5 என்பது 4-க்கு முந்தியது. கீழடி இழையில் நான் சொன்ன எதையும் நீங்கள் இன்றுவரை மறுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மேற்குமலை:
பிரஷ்யா ஐரோப்பாவில்தான் இருக்கிறது, ஏதென்சும் அங்கேதான். என் கட்சி இன்னும் பலமாகிறது.

பட்டாளத்துவீடு:
நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. மேற்குமலைக்காக மட்டும் இது.

என் தாத்தாவின் அண்ணன் முதல் உலகப் போரில் மெசபட்டோமியா போனவர், திரும்பவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் பதித்த கல் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பஞ்சாபிலும் பல ஊர்களில் உள்ள அதே வாசகம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். எங்கள் கல்லில் 4 என்று இருக்கிறது. வெறும் 4.

பெயர் இல்லை ஐயா. பாட்டி இருந்தவரை இரண்டு பெயர் சொல்வார். ஒன்று எங்கள் பெரியவர், இன்னொன்று கீழத்தெருக்காரர். மற்ற இருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்ராவில் எழுப்பிய பெரிய நினைவகத்திலும் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள், கீழ்நிலைச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் முடித்தார்கள். சாதாரணச் சிப்பாயின் பெயரை வெட்டக் கற்றுக்கொடுத்த ஐரோப்பா எங்கள் பெரியவரின் பெயரை ஏன் வெட்டவில்லை?

கல்லெழுத்து:
இதைத்தான் சொன்னேன்! பட்டாளத்துவீடு ஐயா, உங்கள் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன். தீயன் அந்தவனுக்குப் பெயர் இருக்கிறது, பேரரசுக்காகச் செத்தவருக்கு 4 என்ற எண் இருக்கிறது. இனி மேற்குமலை பேசட்டும்.

மேற்குமலை:
பட்டாளத்துவீடு ஐயாவின் பெரியவருக்கு என் வணக்கம். உண்மையாகச் சொல்கிறேன்.

அந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியபோது, அந்தஸ்து பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்பதுதான் கொள்கை. இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. 2021-இல் ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்று அதில் இருக்கிறது. தப்பைத் தாங்களே எண்ணிச் சொன்னார்கள். பல்லவன் படையில் செத்து, கல்லே இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கை சொல்லும்?

பிரான்சுக்குப் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஒரு நினைவுத்தூண். நவம்பர் 11 அன்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள், பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் "பிரான்சுக்காக இறந்தார்" என்று கூட்டம் பதில் சொல்கிறது. நூறு வருடம் தாண்டியும் பெயரை வாய்விட்டுச் சொல்கிறார்கள். எடுத்தனூரில் கருந்தேவக்கத்தியின் பெயரை இப்படி யார் வாசிக்கிறார்கள்? எருமைக்கும் பதில் இல்லை.

தகடூராள்:
நான் தர்மபுரிப் பக்கம். நீங்கள் இருவரும் படித்துப் பேசுவதை நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் பக்கம் நடுகல் வேடியப்பன். பொங்கல் வைக்கிறோம், பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிறோம். கல்லைக் கும்பிடாமல் ஊரில் எந்த நல்ல காரியமும் தொடங்காது. வருடத்தில் இரண்டு நிமிட மௌனத்தோடு முடிகிற காரியமில்லை இது.

ஆனால் கல்லெழுத்து அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லில் என்ன பெயர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மஞ்சளும் எண்ணெயும் ஏறி எழுத்தே தெரிவதில்லை. எல்லாருமே வேடியப்பன்தான். பெயர் பெயர் என்று இத்தனை முறை எழுதினீர்களே, அந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை.

கல்லெழுத்து:
தங்கச்சி, அதனால் என்ன? அவன் தெய்வமாகிவிட்டான். நெல் தூவிக் கும்பிட இந்தக் கல்லைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று புறநானூறு 335 சொல்கிறது. அதற்கு மேல் என்ன நினைவு வேண்டும்? செத்தவன் வீட்டாருக்கு உதிரப்பட்டி என்று நிலமும் விட்டார்கள். ஊர் அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு மேற்குமலை எருமையிலேயே நிற்கிறார்.

மேற்குமலை:
பெயர்தான் முக்கியம் என்று தொடங்கியவர் நீங்கள். பெயர் அழிந்துபோனது என்று ஊர்க்காரரே வந்து சொன்னதும் "அதனால் என்ன" என்கிறீர்கள். அப்புறம் ஒன்று. போன இழை முழுக்க "நடுகல்கள்" என்றே எழுதினீர்கள், இங்கே "நடுகற்கள்" ஆகியிருக்கிறது. யாரோ திருத்தியிருக்கிறார்கள் போல.

கல்லெழுத்து:
இலக்கணம் பேச வந்துவிட்டீர்களா? "நினைவுசின்னம்" என்று ஒற்று இல்லாமல் எழுதியவர் யார் என்று பூட்டிய இழையில் இன்னமும் பார்க்கலாம்.

நூலகவாசி:
"நடுகற்கள்"தான் சரி. ல் என்பது க-வுக்கு முன் ற் ஆகும்.

வடமராட்சி:
நான் ஈழத்தவள். முழுவதையும் வாசித்தேன்.

போரில் இறந்த எங்கள் பிள்ளைகளின் மாவீரர் துயிலும் இல்லங்களில் பெயரோடு கல் இருந்தது. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். 2009-க்குப் பிறகு இராணுவம் அவற்றை இடித்து மட்டமாக்கியது. இப்போது நவம்பர் 27 அன்று தாய்மார் அந்த வெறும் நிலத்தில், பிள்ளை இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் விளக்கு வைக்கிறார்கள். மே 18-க்குக் கஞ்சி காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் சனம் குடித்து உயிர் பிடித்தது அந்தக் கஞ்சியைத்தான். அதற்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. முதலில் வெட்டியது யார் என்று நீங்கள் இத்தனை பக்கம் எழுதுவதைப் பார்க்க நெஞ்சு எரிகிறது.

மேற்குமலை:
மன்னிக்கவும், இங்கே இந்த அரசியல் வேண்டாம். இந்த இழையையும் பூட்டிவிடுவார்கள்.

வடமராட்சி:
என் தம்பிக்கு விளக்கு வைப்பது உங்களுக்கு அரசியல். பிரான்சுக்காரன் பெயர் வாசிப்பது உங்களுக்கு நினைவேந்தல். அப்படித்தானே?

கல்லெழுத்து:
சகோதரி சொல்வதைக் கவனியுங்கள். பெயர், கல், விளக்கு மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. 2,000 ஆண்டு நடுகல் மரபு அறுபடாமல் வருவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தீயன் அந்தவன் முதல் இன்றுவரை ஒரே கோடு.

வடமராட்சி:
அண்ணை, என் தம்பியை உங்கள் வாதத்துக்குச் சான்றாக வைக்க வேண்டாம். அவன் யாருக்கும் கோடு இழுக்கப் போகவில்லை.

கல்லெழுத்து:
தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதையோடுதான் சொன்னேன். ஆனால் மேற்குமலை இன்னும் புலிமான்கோம்பைக்குப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும். நான்காவது முறையாகக் கேட்கிறேன், தீயன் அந்தவன் ராஜாவா?

திருக்குறள் 771-ஐயும் போட்டுவிடுகிறேன். "என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்" என்கிறான் வீரன். என் தலைவன் முன் நின்ற பலர் இன்றைக்குக் கல்லாக நிற்கிறார்கள் என்கிறான். இங்கே மாடும் இல்லை, எருமையும் இல்லை. தெவ்வர் என்றால் பகைவர். போர்க்களம்.

மேற்குமலை:
அந்தக் குறளில் பெயரே இல்லை. கல் நின்றார்கள் என்றுதான் இருக்கிறது. புலிமான்கோம்பையில் பெயர் இருக்கிறது, போர் இல்லை. குறளில் போர் இருக்கிறது, பெயர் இல்லை. பெயரும் போரும் சாதாரண ஆளும் சேர்ந்த ஒரு கல்லைக் காட்டுங்கள், நான் எழுதியதை நீக்கிவிடுகிறேன். அதுவரை எருமை எருமைதான்.

கல்லெழுத்து:
செங்கம் நடுகற்கள் என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. வாங்கிப் படியுங்கள். தொறு மீட்டுப் பட்டான், எறிந்து பட்டான் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயரோடு கிடக்கிறது. பட்டான் என்றால் இறந்தான்.

மேற்குமலை:
தொறு என்றால் மாட்டு மந்தை. மறுபடியும் மாடு.

பட்டாளத்துவீடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்வெட்டும் ஆவணமும் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதால் கேட்கிறேன். 1914–1919 காலத்தில் மெட்ராஸிலிருந்து போன சிப்பாய்களின் பதிவேடு எங்கே பார்க்கலாம்? எங்கள் ஊர்க் கல்லில் உள்ள 4 பேரில் மற்ற இருவரின் பெயர் கிடைத்தால் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை வைத்து நால்வரையும் எழுத நினைக்கிறேன். என் வயது 71.

கல்லெழுத்து:
நல்ல காரியம் ஐயா. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே விஷயம் சிதறும். மேற்குமலை, தொறு என்பது ஊரின் செல்வம், அதைக் கவர வந்தவன் பகைவன், பகைவனோடு நடப்பது போர். இதில் எந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை?

மேற்குமலை:
எருமை.