ஆன்லைன் டீலர்கிட்ட 150 சிசி ஸ்கூட்டர்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும், பெட்டி வந்ததும் என்ன பார்க்கணும்?

புதுச்சாவி:

எல்லாருக்கும் வணக்கம். கார்புரேட்டர் வெச்ச 150 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கலாம்னு பார்க்கிறேன். மூணு தளத்துல ஒரே வண்டிதான் தெரியுது. ஸ்டிக்கரும் பேரும் மட்டும் வேற. ஒரு டீலர் "பெட்டியில் வரும், சிறு அசெம்பிளி தேவை"ன்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் விலை கூட்டிச் சொல்றார், ஆனா முழுசா பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புவாராம்.

ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆயில் மாத்துவேன், பிரேக் ஷூ மாத்துவேன். இன்ஜினைப் பிரிச்சதில்லை. என் சந்தேகங்கள்:

ஒரே வண்டி பல பேர்ல வருதுன்னா எதை வெச்சு முடிவு பண்றது? ஆவணங்கள்ல எது இல்லாட்டி பதிவு நின்னுபோகும்? "சிறு அசெம்பிளி"ன்னா உண்மையில எவ்வளவு வேலை? முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எதைத் தொடாம விடக்கூடாது?

---

ரோலர்வெயிட்:

பேரை மறந்துடுங்க, இன்ஜின் கோடைக் கேளுங்க. நீங்க சொல்ற வகையில பெரும்பாலானதுல இருக்கிறது ஜிஒய்6ங்கிற ஒரே வடிவமைப்புக் குடும்பத்து இன்ஜின். 150 சிசின்னா 157 கியூஎம்ஜே, 125ன்னா 152 கியூஎம்ஐ, 50ன்னா 139 கியூஎம்பி. முதல் 1 ஒற்றை சிலிண்டர், அடுத்த ரெண்டு இலக்கம் சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டர்ல. இந்தக் கோடு இருந்தா பிஸ்டன், கேஸ்கெட், சிடிஐ (தீப்பொறி நேரத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி), கார்புரேட்டர் எல்லாம் ஜிஒய்6 பாகம் விற்கிற எந்தக் கடையிலயும் கிடைக்கும். டீலர் நாளைக்குக் கடையைச் சாத்திட்டாலும் இன்ஜின் அநாதை ஆகாது.

கூடவே பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோற பெல்ட்டோட நம்பரையும் கேட்டு வாங்குங்க. 157-லயே பெல்ட் இருக்கிற கூடு குட்டை (குட்டை கேஸ்), நெட்டை (நெட்டை கேஸ்)னு ரெண்டு உண்டு: குட்டைக்கு 743-20-30, நெட்டைக்கு 842-20-30. "150 சிசி பெல்ட்"னு மட்டும் சொல்லி ஆர்டர் போட்டா பாதி நேரம் தப்பானது வந்து சேரும். இந்த நம்பரைச் சொல்லத் தெரியாத டீலர்கிட்ட பாகங்கள் பிரிவுன்னு ஒண்ணு இருக்காதுன்னு தைரியமா முடிவு பண்ணலாம்.

ஆனா மாட்டிக்கிற இடம் இன்ஜின் இல்லை, பிளாஸ்டிக். பக்கவாட்டு பேனல், ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், வயரிங் இதெல்லாம் அந்தந்த மாடலுக்கே உரியது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன் போட்டு, "இந்த மாடலுக்கு இடப்பக்கக் கீழ் பேனலும் பிரேக் லீவரும் இப்போ கையிருப்புல இருக்கா, என்ன விலை?"ன்னு கேளுங்க. வண்டி ஒரு தடவை சாஞ்சா முதல்ல போறது அந்த ரெண்டும்தான். "தயாரிப்பாளர்கிட்டருந்து வரவழைக்கணும்"னு பதில் வந்தா அடுத்த டீலரைப் பாருங்க.

வாரன்டியில ரெண்டு வரி படிங்க. ஒண்ணு, பாகம் மட்டுமா, கூலியும் சேர்த்தா? பெரும்பாலும் பாகம் மட்டும்தான். ரெண்டு, தகுதியுள்ள மெக்கானிக் பூட்டின ரசீது இருந்தாத்தான் செல்லும்னு நிபந்தனை இருக்கா? அது இருந்தா நீங்களே பூட்டின அன்னைக்கே வாரன்டி காலி. அப்படி ஒரு வரி இருந்தா, விலை கூட்டிச் சொல்ற ரெண்டாவது டீலர்தான் உங்களுக்கு மலிவு.

---

சரக்குச்சீட்டு:

ஆவணம், டெலிவரி பத்தி மட்டும் சொல்றேன்.

பதிவுக்கு அடிப்படை மூணு தாள்: தயாரிப்பாளர் சான்றிதழ், விற்பனை இன்வாய்ஸ், உங்க நாட்டு மாசு, பாதுகாப்பு விதிகளுக்கு அந்த மாடல் ஒப்புதல் பெற்றதுக்கான சான்று. பேரு நாட்டுக்கு நாடு மாறும், வேலை ஒண்ணுதான். ஒப்புதல் இல்லாத வண்டியை எந்த இன்வாய்ஸ் காட்டியும் பதிய முடியாது. "தனியார் இடத்தில் மட்டும் ஓட்ட"ன்னு விளம்பரத்தோட அடியில பொடி எழுத்துல போட்டிருந்தா அர்த்தம் இதுதான். முன்பணத்துக்கு முன்னாடியே அந்த மாடலோட மாதிரிச் சான்றிதழை அனுப்பச் சொல்லி, பதிவு அலுவலகத்துல காட்டிக் கேட்டுடுங்க.

சான்றிதழ் பெட்டியோட வருமா, தபால்ல தனியா வருமா, எத்தனை நாள்ல? இதை எழுத்துல வாங்குங்க.

கைக்கு வந்ததும் சேசிஸ் நம்பரை எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. 17 எழுத்து-எண். அதுல ஐ, ஓ, கியூங்கிற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, 1, 0 கூடக் குழம்பும்னு. அதனால தாள்ல அந்த எழுத்து இருந்தாலே தட்டச்சுப் பிழைதான். இன்ஜின் நம்பர் இடப்பக்கம் கிராங்க்கேஸ் (இன்ஜினோட அடிக்கூடு) அடியில, பின்சக்கரத்துக்கு முன்னாடி குத்தியிருக்கும். டார்ச் அடிச்சு, துணியால துடைச்சுட்டுப் பாருங்க. ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் வண்டியை ஓட்டாம, படம் எடுத்து அன்னைக்கே டீலருக்கு அனுப்பிடுங்க.

டெலிவரி: பெட்டி 100 கிலோவுக்கு மேல இருக்கும். லாரி வாசல்ல நிறுத்துறதோட டிரைவர் வேலை முடிஞ்சது. இறக்குறதுக்கு ஹைட்ராலிக் பலகை உள்ள லாரி வேணும்னு ஆர்டர்லயே சொல்லிடணும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பெட்டியோட நாலு பக்கத்தையும் அடியையும் படம் எடுங்க. இரும்புச் சட்டம் வளைஞ்சிருந்தா, அட்டை கிழிஞ்சிருந்தா, அடியில ஆயில் கசிவு இருந்தா, அதை அப்படியே டெலிவரி சீட்டுல எழுதிட்டுக் கையெழுத்து போடுங்க: "வலது முன் மூலை நசுங்கல், அட்டை கிழிசல்"னு. "பரிசோதனைக்கு உட்பட்டு"ன்னு பொதுவா எழுதுறதுக்கு மதிப்பு கிடையாது. உள்ளே மறைஞ்ச சேதத்துக்கு புகார் கொடுக்க சில நாள்தான் அவகாசம், அதனால பெட்டியைக் கூடத்துல ஒரு வாரம் வெச்சு அழகு பார்க்காதீங்க.

பணம்: கிரெடிட் கார்டு. பிரச்சினைன்னா வங்கி மூலமா எதிர்க்கலாம். நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

---

ஸ்பானர்14:

"சிறு அசெம்பிளி" என்பதில் சிறியது எதுவும் இல்லை. முன்சக்கரம், பேட்டரி, கண்ணாடிகள், சில மாடல்களில் ஹேண்டில்பாரும் பின்பெட்டியும் பூட்டுவது தெரிகிற வேலை. தெரியாத வேலை, தொழிற்சாலையில் பூட்டியதை எல்லாம் மறுபடி சரிபார்ப்பது. கடையில் வாங்கினால் டீலர் செய்து தரும் அந்த வேலையைத்தான் ஆன்லைன் விலையில் கழித்திருக்கிறார்கள். ஒரு முழு நாளும் இன்னொரு ஆளும் வேண்டும்.

கருவிகள்: 8 முதல் 19 வரை சாக்கெட் செட், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பானர்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், நடுத்தர வலுவுள்ள நீல நிற நட்டுப் பசை.

முன்சக்கரம்: பெட்டிக்குள் முன் ஃபோர்க்கை ஓர் இரும்புப் பட்டை தாங்கிக்கொண்டிருக்கும். நடுஸ்டாண்டு போட்டு, ஃப்ளோர்போர்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்த பிறகே அதைக் கழற்றுங்கள். சக்கரத்தின் ஒரு பக்கம் ஸ்பீடோ டிரைவ், மறுபக்கம் ஸ்பேசர். ஸ்பீடோ டிரைவுக்குள் இரண்டு சிறிய நாக்குகள் இருக்கும். அவை ஹப்பில் உள்ள வெட்டுகளில் உட்கார வேண்டும். உட்காராமலே அச்சை இறுக்கினால் நாக்கு மடங்கிவிடும், ஸ்பீடோ முள் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே டிரைவை அழுத்துங்கள், 'டொக்' என்று உள்ளே இறங்கும். அதன் உடலில் உள்ள பள்ளமும் ஃபோர்க்கில் உள்ள முட்டும் பொருந்த வேண்டும்.

டிஸ்க் பேடுகளுக்கு நடுவில் இல்லாதபோது பிரேக் லீவரைப் பிடிக்கவே கூடாது. பேடுகள் நெருங்கிவிட்டால் டிஸ்க் நுழையாது. டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும், பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று இருக்கிறது. ஹேண்டிலில் உள்ள பிரேக் ஃப்ளூயிட் குப்பியின் மூடியில் எழுதியிருக்கும் தரத்து ஃப்ளூயிடை ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள்.

பின்சக்கர நட்டு: இதை அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அச்சு எஃகு, ஹப் அலுமினியம், இரண்டையும் பல்வரிசைதான் பிடித்திருக்கிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அலுமினியப் பல் சீவப்படும். கடைசியில் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. முன் அச்சு பொதுவாக 50–60 நியூட்டன் மீட்டர், பின் நட்டு 100-க்கு மேல். உங்கள் மேனுவலில் உள்ள எண்ணை வைத்து இறுக்குங்கள்.

அடுத்து சைலன்சர் நட்டுகள் இரண்டு, இன்ஜின் தொங்கும் போல்ட், ஷாக் அப்சார்பர் போல்ட், காலிப்பர் போல்ட். சைலன்சர் தவிர மற்றவற்றில் நட்டுப் பசை வைக்கலாம். சைலன்சரின் சூட்டில் பசை நிற்காது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. "இந்த ஆண்டு மாடல்" என்று விற்ற வண்டி எத்தனை காலம் குடோனில் கிடந்தது என்பதை இது கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரி: அமிலம் தனிப் பாட்டிலில் வந்தால், வண்டிக்கு வெளியே, திறந்த இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஊற்றுங்கள். ஆறு குழாயின் சீலையும் பிரிக்காமல் கவிழ்த்து அழுத்தினால் தானாக இறங்கும். அரை மணி நேரம் விட்டு, திறனில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் போடுங்கள்: 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.7 ஆம்பியர். ஊற்றிய கையோடு மாட்டி ஸ்டார்ட் செய்தால் அந்த பேட்டரி கடைசிவரை முழுத் திறனுக்கு வராது. சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து 12.8 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ்.

ஆயில் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று விளம்பரத்தை நம்பாதீர்கள். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வாயில் வைத்து அளவு பாருங்கள். இந்த இன்ஜினில் ஒரு லிட்டருக்கும் குறைவுதான் பிடிக்கும், 10டபிள்யூ-40 போதும். கியர் ஆயில் தனி.

---

புதுச்சாவி:

மிக்க நன்றி. ஒரே ஒரு பயம்: முதல் ஸ்டார்ட்டுல எதுவும் நடக்கலைன்னா எங்கிருந்து தேடணும்? அப்புறம் ரன்னிங்-இன் (புது இன்ஜின் பழகுற ஆரம்ப ஓட்டம்) சமயத்துல வால்வு இடைவெளி செட்டிங் அவசியமா, இல்லே அதை மெக்கானிக்கிட்ட விட்டுடலாமா?

---

ரோலர்வெயிட்:

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஒண்ணும் கேட்கலைன்னா: பிரேக் லீவர் பிடிச்சிருக்கா, சைடு ஸ்டாண்டு மடிஞ்சிருக்கா, ஃபியூஸ் இருக்கா. புது வண்டியில பேட்டரி பக்கத்து ஃபியூஸை மாட்டாம பையில போட்டு அனுப்புறதும் உண்டு.

சுத்துது, பத்தலைன்னா: பெட்ரோல் இன்னும் கார்புரேட்டருக்கு வந்திருக்காது. இதுல டேங்க் வால்வு வேக்குவம்ல (இன்ஜின் காத்தை உறிஞ்சுற இழுப்புல) திறக்கிற வகை. இன்ஜின் சுத்தினாத்தான் பெட்ரோல் இறங்கும். காலி பைப்பும் ஃபில்டரும் நிறையக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 5 விநாடி சுத்துங்க, 20 விநாடி ஸ்டார்ட்டரை ஆற விடுங்க, திரும்பச் சுத்துங்க. ஃபில்டர்ல பெட்ரோல் தெரியவே இல்லைன்னா வேக்குவம் பைப் கழண்டிருக்கும் இல்லே விரிஞ்சிருக்கும். அந்தப் பைப்பைக் கழட்டும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தா வால்வோட டயாபிரம் (உள்ளே உள்ள ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு, மாத்தியாகணும். கூட வர்ற ரப்பர் பைப்புகளை நான் நம்பமாட்டேன். மீட்டர் கணக்குல வாங்கி ஆரம்பத்துலயே மாத்திடுறது நல்லது.

குளிர்ல நல்லா ஐடில் ஆகி, அஞ்சு நிமிஷத்துல சூடானதும் நின்னுபோகுதுன்னா, குளிர்ல கூடுதல் பெட்ரோல் விடுற ஆட்டோ சோக் மூடினதும் கலவை மெலிஞ்சிடுது, அதாவது பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடிடுதுன்னு அர்த்தம். உடனே கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை நிர்ணயிக்கிற ஜெட்டை மாத்த ஓடாதீங்க. முதல்ல கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல உள்ள ரப்பர் இன்டேக்ல கார்ப் கிளீனரைக் கொஞ்சமா அடிங்க. ஐடில் மாறுச்சுன்னா அங்கே காத்து உறிஞ்சுது. சைலன்சர் சூடாயிருக்கும், பார்த்து அடிங்க.

ஸ்டார்ட் ஆனதும் நடுஸ்டாண்டுல நிறுத்தி, ஐடில்ல ஓடும்போதே ஹேண்டிலை இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிவரை திருப்புங்க. ஆர்பிஎம் ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுது. அதைச் சரிபண்ணாம ரோட்டுக்குப் போகாதீங்க. வளைவுல தானா வேகம் ஏறும்.

---

ஸ்பானர்14:

வால்வு செட்டிங் நீங்களே செய்யலாம், செய்யத்தான் வேண்டும். புது இன்ஜினில் வால்வுகள் இருக்கையில் படியப் படிய இடைவெளி குறையும். அதிகமாகக் குறைந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், வால்வும் கருகும். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், ஃப்ளைவீலில் உள்ள 'டி' குறியை கேஸில் உள்ள கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர் கைகளும் லேசாக ஆடினால் பிஸ்டன் சரியான மேல்நிலையில் இருக்கிறது. இறுகி இருந்தால் இன்னொரு சுற்று. மேனுவலில் எண் இல்லாவிட்டால் இரண்டுக்கும் 0.10 மி.மீ. வையுங்கள். ஃபீலர் கேஜ் வெண்ணெயில் போவது போல் போனால் அதிகம், சற்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு முறை, 500 கிலோமீட்டரில் ஒரு முறை.

முதல் ஆயிலை 300 கிலோமீட்டருக்குள் இறக்கிவிடுங்கள். இடப்பக்கம் அடியில் உள்ள பெரிய மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கும் வலையும் குதித்து வெளியே வரும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது பலம் காட்டாதீர்கள். மறை அலுமினியத்தில் வெட்டியது, ஒரு முறை போனால் கேஸையே பார்க்க வேண்டியிருக்கும். ஓ-ரிங் அமுங்கினால் போதும்.

---

சரக்குச்சீட்டு:

அந்த ஆயில், ஃபில்டர், பைப் எல்லாத்துக்கும் ரசீதை எடுத்து வையுங்க, கிலோமீட்டரும் தேதியும் எழுதி. இன்ஜின் வாரன்டி கேட்கும்போது டீலர் முதல்ல கேட்கிற தாள் அது. இரும்புச் சட்டத்தையும் பதிவு முடியும்வரை தூக்கிப் போடாதீங்க. வண்டியைத் திருப்பி எடுத்துக்க ஒத்துக்கிட்டாலும், அதே பெட்டியில வரணும்பாங்க.