பதுளையா தெஹிவளையா: விர்ச்சுவல் அடப்டரோட மாரடிச்ச கதைகளைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை இரவுக்காவல்:

ஹைப்பர்-வீயில (மைக்ரோசொஃப்ட்டின்ட விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற மென்பொருள்) விர்ச்சுவல் ஃபைபர் சனல், அதாவது விர்ச்சுவல் மெஷின் நேரா ஸ்டோரேஜ் வலையமைப்புக்குப் போற வழி, பாவிச்ச ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அடப்டருக்கும் ரெண்டு டபிள்யூடபிள்யூபிஎன், அதாவது அந்த வலையமைப்பில அதின்ட முகவரி. ஏ செட்டில மெஷின் ஓடும், லைவ் மைக்ரேஷன் (ஓடுற மெஷினை நிப்பாட்டாமல் வேற ஹோஸ்டுக்கு, அதாவது வேற சேர்வருக்கு நகர்த்திறது) நடக்கேக்க மற்ற ஹோஸ்டில பி செட் எழும்பும். அடுத்தமுறை மறுபடி ஏ. ரெண்டையும் சோன் பண்ண வேணும் (சுவிட்ச்சில ஸ்டோரேஜோட பேச விடுறது), ஸ்டோரேஜிலயும் ரெண்டுக்கும் லன் (டிஸ்க்) காட்ட வேணும். இதெல்லாம் தெரிஞ்சுதான் செய்தன்.

நான் கொள்ளுப்பிட்டியில, ஸ்டோரேஜ் பாக்கிறவர் வேற கட்டடத்தில. அண்டைக்கு மெயில் வேலை செய்யேல்ல, முகவரியைப் போனிலதான் சொன்னன். 16 இலக்கம், எண்களோட ஏ முதல் எஃப் வரை எழுத்தும் வரும். பி, சி, டி, ஈ எல்லாம் போனில ஒரே சத்தம். அவர் சிங்களம், நான் தமிழ். ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது ரயில் போற ஊர்கள்: ஏ அனுராதபுரம், பி பதுளை, சி கொழும்பு, டி தெஹிவளை, ஈ எல்ல, எஃப் ஃபோர்ட். ஹைப்பர்-வீ தானா உண்டாக்கிற முகவரி தொடங்கிறதே "கொழும்பு, சைபர், சைபர், மூண்டு, ஃபோர்ட், ஃபோர்ட்" எண்டுதான். ஏ செட்டை அப்பிடியே ஊர் ஊராச் சொன்னன். பி செட்டுக்கு வரேக்க சோத்துப் பார்சல் வந்திட்டுது. ஊரை விட்டிட்டு வெறும் எழுத்தாச் சொல்லி முடிச்சன்.

அஞ்சு மாசம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு போயா இரவு, ஹோஸ்டுக்குப் பாட்ச் போட மெஷினை நகர்த்தினா, போகமாட்டன் எண்டுது. டிரைவரைப் பாத்தம், ஃபேர்ம்வெயரைப் பாத்தம், கேபிளை இழுத்துப் பாத்தம். "பி செட் சோன்ல இருக்கோ?" எண்டு நானே கேட்டன். "இருக்கு" எண்டார். இருந்ததுதானே! 1.40 மணி. கீழ செக்கியூரிட்டி அண்ணையின்ட ரேடியோவில பிரித் ஓதுது. நான் திரையில விரலை வச்சு, ஊர்ப் பேரால ஒவ்வொண்டா வாசிச்சுக்கொண்டு போறன்: ஃபோர்ட், ஃபோர்ட், ரெண்டு, தெஹிவளை...

என்ட பட்டியல்ல அந்த இடத்தில பதுளை.

சுவிட்ச்சுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இல்லாத முகவரியைச் சோன்ல போட்டாலும் பேசாமல் வாங்கி வச்சிருக்கும். ஸ்டோரேஜிலயும் அதே தெஹிவளை. அவர் ஒருக்கா எழுதி ரெண்டு இடத்திலயும் ஒட்டியிருக்கிறார். திருத்தி முடிய நேரம் காணாது எண்டு மெஷினை நிப்பாட்டித்தான் பாட்ச் போட்டம்.

உறுத்திறது அது இல்லை. அறிக்கையில "டைப்பிங் பிழை" எண்டு அவற்ற பேரில போச்சு. அந்தக் கூட்டத்தில நானும் இருந்தனான். வாய் திறக்கேல்ல.

கொட்டாஞ்சேனைக்காரன்:

சும்மா உங்களைப் போட்டு வருத்தாதீங்கோ. அனேகமா ஏ செட்டுக்கும் பி செட்டுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். மனுசன் முதல் வரியைக் கொப்பி பண்ணி கடைசியை மாத்தியிருந்தா முடிஞ்சுது. பிழை அவருடையதுதான்.

அதைவிட, விர்ச்சுவல் ஃபைபர் சனலே ஏன்? மெஷினுக்குள்ளேயே ஐஸ்கசி இனிஷியேட்டரை (சாதாரண நெட்வேர்க்கால ஸ்டோரேஜோட இணைக்கிற மென்பொருள்) போட்டா பேர் மெஷினோடயே போகும். சோனும் இல்லை, பதுளையும் இல்லை.

என்ட கதை சின்னன். 2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, எல்லாம் படுத்திட்டுது. கரண்ட் வந்தாப் பிறகு மெஷின் எழும்புது, ஐஸ்கசி டிஸ்க் தெரியுது, ஃபோல்டர் திறக்குது. ஃபைலைத் திறந்தா அப்பிடியே உறையுது. எக்கவுண்ட்ஸ் அக்கா ஃபைல் மட்டையால விசிறிக்கொண்டு "தம்பி, பேர் தெரியுது, ஆள் வரேல்ல" எண்டா. அந்த வசனம் இன்னும் மறக்கேல்ல. சாதாரண பிங் போகுது. துண்டாக்காதே எண்டு சொல்லி 8972 பைட்டில அடிச்சா போகேல்ல. ரெண்டு கரையும் எம்டியூ (ஒரு தரத்தில போகக்கூடிய பொதியின்ட அளவு) 9000, நடுவில சுவிட்ச் 1500க்குத் திரும்பியிட்டுது. மாத்தினதை நான் சேவ் பண்ணேல்ல.

பவர்_பைத்தியம்:

@கொட்டாஞ்சேனைக்காரன், "ஐஸ்கசி எண்டா பிரச்சினை இல்லை" எண்டு தொடங்கி ஐஸ்கசியால செத்த கதையில முடிச்சிருக்கிறீங்கள். நல்லது.

எங்கட பக்கம் பவர்விஎம் (ஐபிஎம்மின்ட விர்ச்சுவல் மெஷின் முறை). ஒரு நிதி நிறுவனம், ஏஐஎக்ஸ் பார்டிஷன் (ஐபிஎம்மின்ட யுனிக்ஸ் ஓடுற விர்ச்சுவல் மெஷின்). இஞ்சையும் ஒவ்வொரு விர்ச்சுவல் ஃபைபர் அடப்டருக்கும் ரெண்டு முகவரி, "கொழும்பு, சைபர், அஞ்சு, சைபர், ஏழு, ஆறு" எண்டு தொடங்கும் (நல்ல முறை, நானும் எடுத்திட்டன்). ஓடிக்கொண்டிருந்த பார்டிஷனுக்கு ஒரு அடப்டர் டைனமிக்காச் சேர்த்தன். ஸ்டோரேஜ் பிரிவு சோன் பண்ணி டிஸ்க் தந்தவை. எல்லாம் சரி. பிறகுதான் புரொஃபைல்ல (பார்டிஷன் எழும்பேக்க பாக்கிற அமைப்புப் பட்டியல்) இல்லையே எண்டு ஞாபகம் வந்து, அதே ஸ்லொட் இலக்கத்தோட கையால சேர்த்தன். அதே அடப்டர்தானே எண்டு நினைச்சன்.

அது புது அடப்டர். புது முகவரி. மூண்டு கிழமைக்குப் பிறகு நிப்பாட்டி, புரொஃபைலால எழுப்பினா டேட்டா டிஸ்க் ஒண்டையும் காணேல்ல. பழைய முகவரி போனது போனதுதான், எச்எம்சி (பவர்விஎம்மை நிர்வகிக்கிற கன்சோல்) அதைத் திருப்பித் தானாத் தராது. ஸ்டோரேஜ் பிரிவுக்கு விடிய 4 மணிக்குப் போன் அடிச்சு "புது முகவரி தாறன், எழுதுங்கோ" எண்டு சொன்ன அந்த நிமிஷம்... அங்க போன் எடுத்தவ ஒண்டுமே கேக்கேல்ல. "சொல்லுங்கோ" எண்டா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பழைய ஆணிவேர்:

எனக்கு நடந்தது ரெண்டு வரி. ஒரு ஹோஸ்டில விர்ச்சுவல் சான் (ஹைப்பர்-வீயில ஸ்டோரேஜ் வலையமைப்பைக் குறிக்கிறது) பேரை அடிக்கோடு போட்டு எழுதினது, மற்றதில இடைக்கோடு. ஹைப்பர்-வீக்கு ரெண்டிலயும் ஒரே பேர் இருக்க வேணும். அரை நாள் போச்சு.

தம்பிமாருக்குச் சில விஷயம். முதலாவது, ஹோஸ்டின்ட அடப்டரும் சுவிட்ச்சும் என்பிஐவி (ஒரே ஃபைபர் போர்ட்டால பல முகவரி லொகின் ஆகிறது) செய்யுமோ எண்டு பாருங்கோ. செய்யும் எண்டது வேற, ஒன் பண்ணியிருக்கிறது வேற. பழைய சிஸ்கோ எம்டிஎஸ் சுவிட்ச்சில நீங்களே ஒன் பண்ண வேணும். பெரிய சோன் ஒண்டுக்குள்ள எல்லாத்தையும் கொட்டாதேங்கோ, ஒரு இனிஷியேட்டருக்கு (ஸ்டோரேஜைக் கேக்கிற பக்கம்) ஒரு சோன். பி செட் மெஷின் நகரும்வரை லொகின் ஆகாது, அதால சுவிட்ச் பட்டியல்லயோ ஸ்டோரேஜ் பட்டியல்லயோ தானா வராது, நீங்கள் எழுதித்தான் சேர்க்க வேணும். பவர்விஎம் எண்டா எச்எம்சியில ரெண்டாவது முகவரியையும் வலுக்கட்டாயமா லொகின் பண்ண வைக்கிற கட்டளை இருக்கு, பிறகு பட்டியல்லயே தெரியும், எழுத்துப் பிழைக்கு இடமில்லை. ஹைப்பர்-வீயில ஒரு மெஷினுக்கு நாலு ஃபைபர் அடப்டர் வரைக்கும்தான். அந்த அடப்டரால பூட் பண்ணேலாது. செக்பொயின்ட் (மெஷின் அந்த நேரம் இருந்த நிலையின்ட பதிவு) எடுத்தா அந்த லன் அதுக்குள்ள வராது, அதால பேக்கப்பை மெஷினுக்குள்ள இருந்து எடுங்கோ. விஎம்வேர் ஆக்கள் சிரிக்க வேண்டாம், அங்க என்பிஐவி இருக்கிற பதிப்பில அது வேணுமெண்டா ஆர்டிஎம் டிஸ்க் (லன்னை நேரா மெஷினுக்குக் குடுக்கிறது) வேணும், சாதாரண விஎம்டிகே (ஃபைலா இருக்கிற டிஸ்க்) ஹோஸ்டின்ட முகவரியாலதான் போகும். முக்கியமா, புது மெஷினைக் கையளிக்க முதல் ரெண்டு தரம் நகர்த்திப் பாருங்கோ. ஒருதரம் போனா பி செட் சரி, திரும்பி வந்தா...

கொட்டாஞ்சேனைக்காரன்:

ஐயா, அனுபவம்தான் கேட்டது, வகுப்பு இல்லை.

@பவர்_பைத்தியம், சேவ் பண்ணாதது ஐஸ்கசியின்ட பிழை இல்லை, என்ட பிழை. நீங்களும் புரொஃபைல்ல சேவ் பண்ணாமல் விட்ட ஆள்தான். ஒரே வருத்தம், வேற வோர்ட்.

பழைய ஆணிவேர்:

வகுப்பு வேண்டாமெண்டா அடுத்த போயாவுக்கு எனக்குப் போன் அடிக்காதேங்கோ.

வெள்ளவத்தை இரவுக்காவல்:

@கொட்டாஞ்சேனைக்காரன், "முதல் வரியைக் கொப்பி பண்ணியிருக்கலாம்தானே" எண்டு நீங்கள் கேட்டதைத்தான் கூட்டத்திலயும் கேட்டவை. அந்த ஒரு கேள்வியாலதான் முழுக்க அவர் தலையில விழுந்தது. அவருக்குப் பதில் தெரியேல்ல. எனக்குத் தெரியும்: நான் ரெண்டாவதையும் முழுசாச் சொல்லத் தொடங்கினதால அவர் முழுசா எழுதினார். நல்ல மனுசன், சொல்லுறதை எழுதுவார்.

அவர் 2022 கடைசியில குடும்பத்தோட வெளிநாடு போயிட்டார். வட்ஸப்பில இருக்கிறார். ரெண்டு தரம் எழுதி அழிச்சிட்டன். "அய்யே, அண்டைக்கு அந்த பி..." எண்டதுக்கு அங்கால கை போகுதில்லை.

பவர்_பைத்தியம்:

அனுப்புங்கோ அண்ணை. ஒரு சின்னத் திருத்தம்: கொழும்பும் ஃபோர்ட்டும் ஒரே ஸ்டேஷன். சிங்களத்தில அது "கொழம்ப கொட்டுவ". என்ட ஆள் ஒருநாள் சியையும் எஃப்பையும் மாத்திப்போட்டார்.

புதுசு_பம்பலப்பிட்டி:

வணக்கம், நான் சேர்ந்து நாலு மாசம்தான். இதை வாசிச்சுப்போட்டு இப்ப போய்ப் பாத்தன். எங்கட 11 மெஷின்ல ஃபைபர் அடப்டர் இருக்கு. நாலில பி செட் சோன்லயே இல்லை. ஒண்டில இருக்கு, ஆனா இலக்கம் 15தான் எண்ண வருது, மூண்டு தரம் எண்ணிட்டன். மனேஜரிட்ட இண்டைக்கே சொல்லுறதோ, போயா முடியச் சொல்லுறதோ?