வேலியோரம் கறுப்புப் பழம், எந்தக் காட்டுச் செர்ரி? அவசரம்

வேலிப்பூ:
ஒரு புதர், கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம். ஒன்றைக் கடித்தேன், துவர்ப்பில் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் ஆடு வேறு கட்டியிருக்கிறது. என்ன செடி இது?

குருவிக்கூடு:
எந்த ஊர்? படம் எங்கே? பழத்துக்குள் ஒரு கொட்டையா, பலவா?

முள்செடி:
பக்தார்ன் என்ற முள்புதர்தான், சந்தேகமே வேண்டாம். கிளை நுனியில் முள் இருக்கும் பாருங்கள்.

வேலிப்பூ:
அமெரிக்காவில் வட டகோட்டா, ஓடைக்கரை. ஒரே கொட்டை. முள் இல்லை.

முள்செடி:
சரியாகத் தேடினீர்களா?

இலைமூப்பன்:
ஊரை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே இல்லை. 2007 முதல் அந்த மாநிலத்தின் பழமே சோக்செர்ரிதான். அறிவியல் பெயர் புரூனஸ் விர்ஜினியானா. ஓடைக்கரை, காட்டோரம், வெயில் விழும் வேலி, எல்லா இடத்திலும் அதுதான். இதையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா?

குருவிக்கூடு:
இன்னொரு காட்டுச் செர்ரியான பிளாக் செர்ரியை யாராவது நட்டு வைத்திருக்கலாமே சார். வேலிப்பூ, ஒரு பழத்தைப் பறித்துக் காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். காய்ந்த புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருந்த வெளியிதழ்கள், சின்னக் கிண்ணம் போல ஒட்டியிருந்தால் பிளாக் செர்ரி. சோக்செர்ரியில் அது உதிர்ந்துவிடும். இலையையும் திருப்புங்கள். நடு நரம்பை ஒட்டித் துருநிற மயிர் இருந்தாலும் பிளாக் செர்ரிதான். சோக்செர்ரி இலையின் விளிம்புப் பற்கள் மெல்லிசாக, கூராக நிற்கும்.

ஓடைமேடு:
எதுவானாலும் முதலில் ஆட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுங்கள். இரண்டின் இலையிலும் சயனைடு உண்டாகும். கிளையை வெட்டிப் போட்டு இலை வாடினால் ஆபத்து இன்னும் அதிகம். கொட்டையையும் கடிக்காதீர்கள்.

முள்செடி:
சரி, செர்ரி என்றே வைத்துக்கொள்வோம். புதராக அடர்ந்தது எப்படி? பறவை எச்சத்தில் விழுந்த விதைதான்.

இலைமூப்பன்:
சோக்செர்ரி வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுத்தான் அடர்கிறது. அடிப்படைப் பாடம்.

முள்செடி:
முதல் செடி அங்கே எப்படி வந்தது? நடந்தா வந்தது?

ஓடைமேடு:
வந்தது பறவையால், பரவியது வேரால். இதற்குப் போய்ச் சண்டையா?

இலைமூப்பன்:
நான் சொன்னது அடர்வதைப் பற்றி. கேள்வியைப் படியுங்கள்.

வேலிப்பூ:
கிண்ணம் இல்லை, மயிரும் இல்லை. ஆட்டை மாற்றிக் கட்டிவிட்டேன். நன்றி.

முள்செடி:
போவதற்கு முன், ஒரு கன்றைத் தோண்டி வேர் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்களேன்.

முள்செடி:
வேலிப்பூ? இருக்கிறீர்களா?