கண்ணும் காதும் இல்லாத வெள்ளையனும் இரண்டு மாதக் குட்டியும்

தோட்டத்து அம்மிணி, காங்கயம்:

வணக்கம். எங்கள் வெள்ளையன் ராஜபாளையம் நாய், வயது 11. பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளை நிறத்தோடு அந்த இனத்தில் இந்தக் குறையும் சேர்ந்து வருவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். மூன்று வருடங்களுக்கு முன் உண்ணிக் காய்ச்சலில் இரண்டு கண்களும் போய்விட்டன. வலது தோளில் இரண்டு முறை தட்டினால் சோறு, முதுகில் நீளமாகத் தடவினால் வெளியே கிளம்புகிறோம் என்று அவனுக்குத் தெரியும். களத்தில் படுத்திருப்பவன், என் வீட்டுக்காரரின் மொபெட் கிளுவை வேலியைத் தாண்டும்போதே தரையின் அதிர்வில் எழுந்து வாலை ஆட்டுவான். நாங்கள் கட்டிலை நகர்த்திப் போட்ட ஒரு நாளைத் தவிர, வீட்டுக்குள் அவன் எதிலும் முட்டிக்கொண்டதில்லை.

பத்து நாட்களுக்கு முன் மகன் ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். சந்தைக்கு வெளியே தனியாகக் கிடந்ததாம். கருப்பி என்று பெயர் வைத்து, கழுத்தில் மணி கட்டினோம். நேற்று மதியம் வெள்ளையன் திண்ணையோரம் தூங்கிக்கொண்டிருந்தபோது வாலைப் பிடித்து இழுத்துவிட்டது. துள்ளி எழுந்தவன் எதிரில் கிடைத்ததைக் கவ்வினான். கிடைத்தது குட்டியின் காது. அது வீரிட்டு அலறுகிறது, இவன் விடவில்லை. ஓடிப்போய் அவன் மூக்குக்கு முன்னால் என் கையை நீட்டினேன். மோந்து பார்த்த உடனே வாயைத் திறந்துவிட்டான். பிறகு நெடுநேரம் என் காலடியிலேயே நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்து வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பெருந்துறைக்காரன்:

அக்கா, வெள்ளையன் மேல் தப்பே இல்லை. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, கடிபட்டது கத்தினால் கடித்தது விட்டுவிடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அவை கற்றுக்கொள்வதே அந்தக் கத்தலில்தான். இவனுக்கு அது கேட்காது. குட்டி முன்னங்காலை மடக்கி விளையாட அழைத்தாலும் தெரியாது. அதனால் நடுவில் நீங்கள்தான் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடவே விடாதீர்கள்.

என் பாட்டி வீட்டு நாய்க்கும் கடைசிக் காலத்தில் கண்ணும் போய் காதும் மந்தமானது. நாங்கள் ஆட்டுப்பட்டியின் படலை எடுத்து வாசலில் குறுக்கே கட்டினோம். வாசனை போகும், பல் போகாது. இரண்டும் படுக்கும் சாக்குகளைத் தினமும் மாற்றிப் போட்டோம். குட்டியை ஓடவிட்டுக் களைக்கவைத்த பிறகுதான் பெரியவனிடம் விடுவோம். சோற்றுத் தட்டு எப்போதும் தனித்தனி. தூங்குகிறவனை எழுப்ப வேண்டுமென்றால் தொடாதீர்கள். நேற்று செய்தது போல மூக்கருகே கையைக் காட்டுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் தரையைத் தட்டுங்கள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை அடையுங்கள். குட்டியைத் துரத்திக்கொண்டு போனால் அவன் பழகிய தடத்தை விட்டுவிடுவான்.

தாராபுரத்துப் பெரியவர்:

அம்மிணி, மணியைக் கழற்ற வேண்டாம். அது அவனுக்கு உதவாது, ஆனால் குட்டி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதோடு ஒரு துண்டு வெட்டிவேரைத் துணியில் முடிந்து, குட்டியின் வாய்க்கு எட்டாமல் பிடரிப் பக்கம் கட்டிவிடுங்கள். அந்த மணம் வந்தால் வருவது குட்டி என்று அவன் நான்கு நாளில் படித்துக்கொள்வான். கடையில் விற்கும் தைல வகைகளைத் தடவிவிடாதீர்கள் கண்ணு, சிலவற்றை நாயின் உடம்பு தாங்காது.

நாமக்கல் மாணவி:

அக்கா, கவ்வியதை விடுவிக்கும்போது உங்கள் கையில் பல் பட்டதா? கீறல் இருந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டி எங்கிருந்து வந்தது என்று தெரியாததால், அது விளையாட்டாகக் கடித்திருந்தாலும் இதேதான். குட்டிக்கு இப்போதே குடற்புழு மருந்தும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில். உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பாருங்கள். வெள்ளையன் கண்ணைக் காலால் தேய்த்தாலோ, கண் சிவந்து வீங்கினாலோ கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். பார்வை போன கண்ணிலும் அந்த வலி கடுமையாக இருக்கும். வலியில் இருக்கும் நாய் சீக்கிரம் கடிக்கும்.

தோட்டத்து அம்மிணி, காங்கயம்:

மூவருக்கும் நன்றி. என் கையில் பல் படவில்லை. ஆனால் குட்டி மகனின் விரலைக் கடித்திருக்கிறது, இன்றுதான் சொன்னான். முதல் ஊசி போட்டாயிற்று. வெள்ளையனின் கண்ணை நாளை காட்டப் போகிறோம். கிணற்றுக்குச் சுவர் இருக்கிறது. தொட்டிப் பக்கம்தான் திறந்து கிடந்தது, வீட்டுக்காரரே முள் வெட்டி அடைத்துவிட்டார். படலும் கட்டியாயிற்று. இப்போது கருப்பி படலுக்கு அந்தப் பக்கம் உறங்குகிறது. வெள்ளையன் இந்தப் பக்கம் மூக்கை ஓலை இடுக்கில் வைத்தபடி படுத்திருக்கிறான். நான் தோளில் இரண்டு தட்டு தட்டியும் சோற்றுக்கு எழுந்து வரவில்லை.