கினிப் பன்றிக்கு முடி கொட்டினால்: எங்கள் வீட்டு அனுபவம்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் மூன்று கினிப் பன்றிகள், மூன்றும் பெட்டை. போன ஆடியில் விடாத மழை. அப்போதுதான் அவற்றில் ஒருத்தியான சுண்டு முதுகைச் சொறிய ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. கொத்தாகக் கையோடு வந்த முடியின் அடியில் தவிடு மாதிரி செதில் ஒட்டியிருந்தது.

வாங்கிய கடையில் கேட்டோம். "வேப்பெண்ணெய் தடவுங்க, சரியாயிடும்" என்றார்கள். நாலு நாள் தடவினேன். முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, அவள் அதை நக்க ஆரம்பித்தாள், அரிப்பு துளியும் குறையவில்லை. ஐந்தாம் நாள் பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விறைத்துத் துடித்தாள். அரை நிமிஷம் இருக்கும். மகள் அழுத அழுகையில் மழையைக்கூடப் பார்க்காமல் பாலக்காட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

மருத்துவர் முதலில் கேட்டது, "சொறிச்சில் உண்டோ?" என்றுதான். முடி கொட்டினால் அரிப்பு இருக்கிறதா, எந்த இடத்தில் கொட்டுகிறது என்ற இரண்டிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுமாம். மொட்டை ஓரத்தில் தோலைச் சுரண்டி, எண்ணெய் விட்ட கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். குட்டைக் கால்களோடு உருண்டையாக ஒன்று நகர்ந்தது. டிரிக்ஸாகேரஸ் கேவியே என்ற சொறிப்பூச்சி. தோலுக்குள் குடைந்து போய் முட்டையிடும். அரிப்பு தாங்க முடியாமல் போகும்போதுதான் அப்படி வலிப்பு மாதிரி வருகிறதாம். நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த நாட்களில் சுண்டு எவ்வளவு வேதனைப்பட்டிருப்பாள் என்று நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போட்டார். அந்த மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால் பத்து நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று ஊசி. சொறியாத மற்ற இரண்டுக்கும் சேர்த்துத்தான். கூண்டிலிருந்த மரத்தூளை எல்லாம் அள்ளிப்போட்டு, துணிகளைக் கொதிநீரில் போட்டேன். என் மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது, அவை குணமானதும் தானாக அடங்கியது.

நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைத் தயவுசெய்து இவற்றுக்குப் போடாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து இருந்தால் ஆபத்தாக முடியலாம். அமாக்ஸிசிலின் சிரப் கொடுப்பதும் அப்படித்தான், குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும்.

அப்புறம் தீனி. முயல் தீவனமும் முட்டைகோஸும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். நம்மைப் போலவே கினிப் பன்றிக்கும் உடம்பில் வைட்டமின் சி தானாக உண்டாகாது. கிலோ எடைக்குத் தினம் குறைந்தது 10 மில்லிகிராம் வேண்டும், நோய் நேரத்தில் 30 வரை. அது குறைந்தால் முடி சொரசொரத்து, ஈறு, மூட்டு எல்லாம் கெடும். தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும். இப்போது காலையில் குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, வாரம் இரண்டு நாள் கொய்யாக்காயில் ஒரு கீற்று. பச்சைப்புல் எப்போதும் கூண்டில் இருக்கும்.

ஆறாவது வாரம் அந்த மொட்டையில் சோளக்கதிர் நூல் மாதிரி மெல்லிய முடி எட்டிப் பார்த்தது.

நகரியிலிருந்து ஓர் உறுப்பினர்:
அக்கா, எங்கள் பெட்டைக்கு மூன்று வயசு. இரண்டு விலாவிலும் ஒரே அளவில் முடி போச்சு, ஆனால் சொறியவே இல்லை. ஸ்கேனில் சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தோம், இப்போது நன்றாக இருக்கிறது. அரிப்பில்லை என்று இரண்டு மாசம் சும்மா இருந்துவிட்டோம், அதுதான் வருத்தம்.

செங்கோட்டையிலிருந்து இன்னொருவர்:
எங்கள் குட்டிக்குக் காதுக்குப் பின்னால் சின்ன வழுக்கை. மூக்கிலும் வட்டமாக ஒன்று, ஓரம் பொருக்குத் தட்டியிருக்கிறது. பையன் தினம் மடியில் வைத்துத்தான் தூங்குகிறான். என்ன செய்யட்டும்?

பதில்:
காதுக்குப் பின்னால் எல்லாக் கினிப் பன்றிக்கும் பிறவியிலேயே முடி இருக்காது தம்பி, அதை விடுங்கள். மூக்கில் இருப்பது படர்தாமரையாக இருக்கலாம், அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். இன்றைக்கே தனிக் கூண்டில் விட்டு, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது பையனின் கை, கழுத்தையும் ஒரு தடவை பாருங்கள்.